தேன் ஊற்றினால் அது சர்க்கரை இல்லாத கேக் ஆகிவிடாது

போன மாதம் சொந்தத்தில் ஒரு பிறந்தநாள். கேக் வெட்டியதும் அந்த வீட்டு மதினி தட்டை நீட்டி, "தைரியமா சாப்பிடுங்க, இதுல சீனியே கிடையாது, முழுக்கத் தேன்தான்" என்றார். பக்கத்தில் இருந்த மாமா பத்து வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர். அந்த வார்த்தையை நம்பி இரண்டு துண்டு வாங்கிக்கொண்டார். நான் வாயைத் திறக்கவில்லை. சாப்பிடப் போன வீட்டில் பாடம் எடுத்தால் அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள். இங்கே எடுக்கலாம், இது என் பக்கம்.

ஒரு மேசைக்கரண்டி தேன் ஏறக்குறைய 21 கிராம் நிற்கும். அதில் 17 கிராம் சர்க்கரைதான். அதே கரண்டியில் தலைதட்டி எடுத்த சீனி 12, 13 கிராம். அதாவது கரண்டிக்குக் கரண்டி பார்த்தால் தேனில்தான் சர்க்கரை அதிகம். உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், குறைக்கச் சொல்லும் சர்க்கரைப் பட்டியலில் தேனையும் பாகு வகைகளையும் பழச்சாற்றையும் சீனியோடு ஒரே வரிசையில்தான் உட்கார வைத்திருக்கிறது. நாக்குக்கு வேறு வேறாகத் தெரிவதால் கணையத்துக்கும் அப்படித் தெரியும் என்று நாமே முடிவுகட்டிக் கொள்கிறோம்.

அதற்காக நான் தேனுக்கு விரோதி இல்லை. வெல்லத்துக்கு விரோதியாக இருக்க முடியாத ஊரில் பிறந்தவள். கருப்பட்டிக்குப் பேர்போன உடன்குடி எங்களுக்குப் பக்கம். மணத்துக்காகப் போடுங்கள், நிறத்துக்காகப் போடுங்கள், ஈரப்பதத்துக்காகப் போடுங்கள். மருந்து என்று சொல்லிப் போடாதீர்கள், அவ்வளவுதான். அப்புறம் இன்னொரு விஷயம், இந்தப் பதிவை எழுதவைத்ததே அதுதான்: "சீனிக்குப் பதில் அதே அளவு வெல்லப்பாகு சேர்த்துக்கொள்ளலாம்" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறார்களே, அது.

அந்த ஒரு வரியை நம்பி நான் இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு வெண்ணெய்க் கேக்கைக் கொன்றேன். செய்முறையில் ஒரு கப் சீனி, நான் ஊற்றியது ஒரு கப் வெல்லப்பாகு. ஓரமெல்லாம் கருகி, நடுவில் குழி விழுந்து, கத்தியை இறக்கினால் அல்வா மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. வீட்டுக்காரர் ஒரு கரண்டி எடுத்துப் போட்டுக்கொண்டு, "களி நல்லா இருக்கு" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே களி என்றுதான் நினைத்தார்.

பின்னால் உட்கார்ந்து யோசித்தபோதுதான் புரிந்தது, நான் ஒரே நேரத்தில் மூன்று தப்பு செய்திருக்கிறேன். முதல் தப்பு தண்ணீர். சீனி உலர்ந்த பொருள். பாகில் கால்பங்கோ மூன்றில் ஒரு பங்கோ தண்ணீர். அதைக் கணக்கில் எடுக்காமல் செய்முறையில் இருந்த பாலையும் அப்படியே ஊற்றினேன். இரண்டாவது, வெண்ணெயோடு சீனியைச் சேர்த்து நுரைக்க அடிக்கிறோமே, அது இனிப்பைக் கலப்பதற்காக மட்டும் இல்லை. சீனியின் கூர்மையான துகள்கள்தான் வெண்ணெய்க்குள் காற்றைப் புகுத்துகின்றன. கேக் எழும்புவதில் பாதி வேலை அந்தக் காற்று. பாகுக்குத் துகள் ஏது? எவ்வளவு அடித்தாலும் வெண்ணெய் வழவழவென்று ஆகுமே தவிர உப்பாது. மூன்றாவது சூடு. தேனில் அதிகம் இருப்பது பழச்சர்க்கரை (ஃபிரக்டோஸ்). அது சீனியைவிடக் குறைந்த சூட்டிலேயே சிவக்கும். வெல்லப்பாகிலும் ஓரளவு அந்தக் குணம் உண்டு, போதாததற்கு ஆரம்பத்திலேயே நிறத்தோடு வருகிறது. அடுப்பை 175 டிகிரியில் வைத்தால் உள்ளே வேகும் முன்னே வெளியே கறுத்துவிடும். 160 போதும், கொஞ்ச நேரம் கூட ஆகும்.

இப்போது நான் கப்பை மறந்துவிட்டேன். தராசுதான். 200 கிராம் சீனிக்குப் பதில் 250 கிராம் தேன். தேனில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர் என்பதால், அந்த 250 கிராமுக்குள் கிட்டத்தட்ட 200 கிராம் சர்க்கரையும் 45, 50 மில்லி தண்ணீரும் இருக்கும். அந்த 50 மில்லியைப் பாலிலிருந்து கழித்துவிட வேண்டும். தேன் புளிப்பான பொருள், நாக்குக்குத் தெரியாவிட்டாலும். அதனால் கால் தேக்கரண்டி சமையல் சோடா சேர்த்தால் புளிப்பும் அடங்கும், கேக்கும் எழும்பும். வெண்ணெயை நுரைக்க அடிக்கும் கேக்குகளில் இந்த வேலையே வேண்டாம். எண்ணெயோ உருக்கிய வெண்ணெயோ ஊற்றிச் செய்யும் வாழைப்பழக் கேக், கேழ்வரகுக் கேக், இஞ்சிக் கேக் இதிலெல்லாம் தாராளமாக மாற்றலாம். சீனி போட்டதைவிட இரண்டு நாள் கூடுதலாக மெத்தென்று இருக்கும்.

மெத்தென்று என்றதும் ஞாபகம் வருகிறது, என் தேன் கடலைமிட்டாய். "ஆரோக்கியமான" கடலைமிட்டாய் செய்கிறேன் என்று வெல்லத்தை ஒதுக்கிவிட்டுத் தேனைக் காய்ச்சிக் கடலையைப் போட்டுக் கிளறித் துண்டு போட்டேன். செய்த அன்று நன்றாகத்தான் இருந்தது. சென்னையின் புழுக்கத்தில் மறுநாள் டப்பாவைத் திறந்தால் நாற்பது துண்டும் ஒரே துண்டாகி இருந்தது. பழச்சர்க்கரை காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். கேக்கை மெத்தென்று வைத்திருக்கும் அதே குணம் மிட்டாயைப் பிசினாக்கிவிட்டது. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைக் கடிக்கும்போது வரும் அந்த 'டக்' சத்தம் வெல்லப்பாகின் பதத்தில் இருக்கிறது. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, எடுத்து உடைத்தால் சத்தம் வர வேண்டும். அந்தப் பதம் வந்த பிறகுதான் கடலை. தேன் அந்த இடத்துக்கு லேசில் வராது. வரவைக்கிறேன் என்று காய்ச்சினால் தேனும் தேனாக இருக்காது. நல்ல தேன் விற்கும் விலைக்கு அதன் வாசனையை அடுப்பில் புகைய விடுவது எனக்கு வயிற்றெரிச்சல்.

சரி, பதம் என்று வந்துவிட்டோம். நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியாத விஷயமா இது? எங்கள் ஆச்சியிடம் தெர்மாமீட்டர் கிடையாது. ஆள்காட்டி விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே பாகைத் தொட்டுப் பிரிப்பார். ஒரு கம்பி நின்றால் ஒரு பலகாரம், இரண்டு கம்பி நின்றால் வேறு. அதிரசத்துக்குத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்ப்பார். "இன்னும் ரெண்டு கொதி" என்பார், சரியாக இரண்டு கொதிதான். கம்பி, உருட்டு என்று அவர் சொன்னதெல்லாம் பாகில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் இருக்கிறது என்ற கணக்குதான் என்பது எனக்கு நாற்பது வயதில் புரிந்தது. வெளிநாட்டுச் செய்முறையில் எந்தப் பாகு கேட்டாலும் நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி இப்போது ஒன்றுதான்: ஆச்சி கணக்கில் இது என்ன பதம்?

கோல்டன் சிரப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்துச் செய்முறைகளில் எங்கு பார்த்தாலும் அது. லண்டனில் ஆப்ரம் லைல் என்பவரின் சர்க்கரை ஆலையில், சார்ல்ஸ் ஈஸ்டிக் என்ற வேதியியலாளர் 1883இல் உருவாக்கியது. ஆலையில் மிஞ்சும் பாகைப் பக்குவப்படுத்தி, பொன்னிறத்தில், உறையாத பாகாக்கினார்கள். அது ஏன் உறையவில்லை என்பதில்தான் விஷயம். சாதாரணச் சீனிப்பாகை எடுத்துக்கொண்டால், அறைச் சூட்டில் 100 கிராம் தண்ணீர் ஏறக்குறைய 200 கிராம் சீனியைத்தான் தாங்கும். அதற்கு மேல் கெட்டியாகக் காய்ச்சினால் ஆறியதும் அடியில் படிகமாகப் பூத்துவிடும். கோல்டன் சிரப்பில் சீனியின் ஒரு பங்கு உடைந்து குளுக்கோஸும் பழச்சர்க்கரையுமாகப் பிரிந்திருக்கிறது. மூன்றும் கலந்து கிடக்கும்போது ஒன்றோடொன்று சேர்ந்து படிகமாக முடிவதில்லை. சீனியை உடைக்க என்ன வேண்டும்? புளிப்பும் சூடும். ஜாங்கிரிப் பாகிலும் குலாப்ஜாமூன் பாகிலும் நான்கு சொட்டு எலுமிச்சை பிழிகிறோமே, அதே வேலைதான். 1883க்குக் காப்புரிமை கேட்டு யாரும் லண்டனுக்குக் கிளம்ப வேண்டாம், சும்மா சொன்னேன்.

நான் செய்வது இப்படி. 250 கிராம் வெல்லத்தை 200 மில்லி தண்ணீரில் கரைத்து வடிகட்டுவேன் (வெல்லத்தில் மண் இருக்கும், இதைத் தாண்டிப் போகாதீர்கள்). வெறும் பாத்திரத்தை முதலிலேயே எடை போட்டுக் குறித்து வைத்துக்கொண்டு, அதிலேயே வடிகட்டி, ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டுச் சிறு தீயில் கொதிக்க விடுவேன். தண்ணீர் கூடுதலாக வைப்பது வேண்டுமென்றேதான். அது வற்றும் நேரம் வரைக்கும் எலுமிச்சைக்கு வேலை செய்ய அவகாசம் கிடைக்கும். இடையில் பாத்திரத்தோடு தூக்கித் தராசில் வைப்பேன், அடியில் ஒரு மரப்பலகை போட்டு. பாகு மட்டும் 310 கிராமுக்கு வந்ததும் இறக்கிவிடுவேன். ஆறினால் தேனைவிடக் கொஞ்சம் இளகலாக இருக்கும். கோல்டன் சிரப் கேட்கும் இடத்தில் இதை அப்படியே ஊற்றலாம். 200 கிராம் சீனிக்குப் பதில் என்றால் 260 கிராம் பாகு, பாலில் 60 மில்லி குறைவு. தெர்மாமீட்டரும் வேண்டாம், விரலைச் சுட்டுக்கொள்ளவும் வேண்டாம். ஆச்சி பார்த்திருந்தால் தராசைப் பார்த்துச் சிரித்திருப்பார்.

பால் சேர்க்கும் எதிலும் ஒரு எச்சரிக்கை. கொதிக்கிற பாலில் வெல்லப்பாகை ஊற்றினால் திரிந்துவிடும், பாயசம் வைத்தவர்கள் எல்லோருக்கும் ஒரு நாளாவது நடந்திருக்கும். வெல்லத்தின் லேசான புளிப்பும் அதிலுள்ள உப்புகளும் சூட்டோடு சேர்ந்து செய்யும் வேலை அது. இரண்டையும் ஆறவிட்டுக் கலந்தால் பிரச்சினை இல்லை. கஸ்டர்டு, புட்டிங் செய்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

கார்ன் சிரப் கேட்டால் பதற வேண்டாம். கேக் சாமான் விற்கும் கடைகளில் லிக்விட் குளுக்கோஸ் என்று டப்பாவில் கிடைக்கும், ஏறக்குறைய அதுதான். இனிப்பு குறைவு, நிறம் இல்லை, மணம் இல்லை. மிட்டாய்ப் பாகு பூக்காமல் இருக்க மட்டும் அது வேண்டும். அதற்குத் தேனை ஊற்றினால் மிட்டாய் தேன் நிறமும் தேன் மணமுமாக ஆகிவிடும். பேரீச்சம்பழ சிரப் நல்ல பொருள்தான், ஆனால் எதில் போட்டாலும் பேரீச்சம்பழம் என்று கத்தும். வெனிலாக் கேக்கில் வேண்டாம், சாக்லேட்டில் போடலாம். அகாவே (கற்றாழை போன்ற ஒரு செடியின் பாகு) பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. பெரும்பகுதி பழச்சர்க்கரையாக இருக்கும் ஒன்றை அந்த விலை கொடுத்து வாங்க மனம் வரவில்லை.

மேப்பிள் சிரப்தான் என் பலவீனம். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் ஒரு சிறிய பாட்டில் கொடுத்தார்கள், சொட்டுச் சொட்டாகத் தீர்த்தேன். கனடாவின் கியூபெக் மாகாணத்தில்தான் உலகத்து மேப்பிள் சிரப்பின் பெரும்பகுதி எடுக்கப்படுகிறது. மரத்திலிருந்து வடியும் நீரில் சர்க்கரை இரண்டு சதவீதம் அளவில்தான். நாற்பது லிட்டர் காய்ச்சினால் ஒரு லிட்டர் தேறும். இதைப் படித்தபோது எனக்குப் பனைதான் ஞாபகம் வந்தது. பதநீரில் சர்க்கரை பத்து சதவீதத்துக்கு மேல். கலயத்தில் சுண்ணாம்பு தடவிப் புளிக்காமல் இறக்கி, காய்ச்சி, கெட்டிப்பட்டு வரும்போது சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. சிறு வயதில் அந்தக் கெட்டிப்படும் தறுவாயில் உள்ள பாகைப் பனையோலையில் வாங்கி நக்கியிருக்கிறேன். மேப்பிள் பாட்டிலின் புகை மணத்தில் பாதி அதில் இருந்தது, மிச்சம் பாதிக்கு ஏக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனவே பான்கேக்குக்கு எங்கள் வீட்டில் கருப்பட்டிப் பாகுதான். கருப்பட்டிக்குச் சரிபாதி எடைத் தண்ணீர், வடிகட்டி ஒரு கொதி, ஒரு சிட்டிகை உப்பு. மேப்பிள் சிரப்பிலும் தண்ணீர் மூன்றில் ஒரு பங்குதான் என்பதால் இளக்கம் பொருந்திவிடும். இலங்கைக்காரர்கள் எருமைத் தயிரில் கித்துல் பாணி (கித்துல் என்ற பனை வகையின் பாகு) ஊற்றிச் சாப்பிடுவார்கள். அது கிடைக்காதபோது இதையே தயிரில் ஊற்றியும் பார்த்துவிட்டேன். கித்துல் இல்லைதான். ஆனால் கிண்ணம் மிஞ்சவில்லை.

தேன் உறைந்தால் போலி என்று தூக்கிப்போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நல்ல தேனும் உறையும்; கன்னியாகுமரிப் பக்கத்து ரப்பர்த் தோட்டத் தேன் சீக்கிரமே உறையும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலை நிறுத்தினால் இளகிவிடும். ஒரு வயது ஆகாத குழந்தைக்கு மட்டும் தேன் எந்த வடிவத்திலும் வேண்டாம், நாக்கில் தடவும் சடங்குக்குக்கூட. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியைச் சமாளிக்க அந்தக் குடலுக்குப் பலம் இருக்காது.

மாமாவுக்கு மறுநாள் போன் செய்தேன். "தேன் தானே" என்றார். 21 கிராம், 17 கிராம் என்று கணக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ அந்த ரெண்டாவது துண்டை உங்க அத்தைக்கிட்ட சொல்லிராத" என்றார்.