மணலில் வண்டி ஓட்ட 5 டிப்ஸாம்!

நேற்று ராத்திரி எங்கள் குரூப்பில் ஒரு வீடியோ வந்து விழுந்தது: 'மணலில் பைக் ஓட்டுவது எப்படி, 5 டிப்ஸ்'. போட்டது யார் தெரியுமா? இந்தோனேசியாவின் ஜாவா தீவில், புரோமோ எரிமலை அடிவாரத்து மணற்கடலில், கும்மிருட்டில், எனக்கு முன்னால் போய்க்கொண்டே சடாரென்று பிரேக் அடித்த அதே மகானுபாவன்.

மணலில் ஓட்டியவர்களுக்குத் தெரியும். அதுவும் எரிமலை கக்கிய சாம்பலும் மணலும், மாவு மாதிரி. வேகம் குறைந்தால் முன் சக்கரம் புதைந்துவிடும். ஆக்சிலரேட்டரைச் சீராகப் பிடித்து, உடம்பைப் பின்னால் தள்ளி, பார்வையைத் தூரத்தில் வைத்து, முன் பிரேக் பக்கம் விரலே போகாமல், பல்லைக் கடித்துக்கொண்டு போகிறேன். விடிவதற்குள், சூரிய உதயம் பார்க்க எல்லாரும் ஏறும் 2,770 மீட்டர் உயரப் பெனாஞ்சகான் மலையில் நிற்க வேண்டும் என்று 2 மணிக்கே எல்லாரையும் எழுப்பிவிட்டவனும் இவன்தான், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். நடுமணலில் எதற்கு நின்றான்? வானத்தில் நட்சத்திரம் தெரிந்ததாம், போட்டோ எடுக்கணுமாம்! எதைத் தொடக்கூடாதோ அதைத்தான் என் விரல் தொட்டது. முன் பிரேக். வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், கால் வண்டிக்கு அடியில், வாய் நிறைய மணல். துரை திரும்பிப் பார்த்தார். அடிபட்டதா என்று கேட்டாரா? "மச்சான், அந்த ஹெட்லைட்ட அணைடா, நட்சத்திரம் வரல."

அந்தப் போட்டோவும் வரவில்லை. கறுப்பாக ஒரு கட்டம், அவ்வளவுதான்.

அப்புறம் வண்டியைத் தூக்கி, மணலைத் தட்டி, மேலே போகப் போக மெலிந்துவிட்ட காற்றில் இழுக்காமல் இருமிய வாடகை வண்டியைக் கெஞ்சிக் கூத்தாடி ஏற்றிச் சேர்ந்தபோது, சூரியன் நன்றாக மேலே வந்திருந்தது. ஜீப்பில் வந்த கூட்டமெல்லாம் இறங்கிக்கொண்டிருந்தது. தூரத்தில் செமேரு, 3,676 மீட்டர், ஜாவாவிலேயே உயரமான மலை. அதற்கு முன்னால் நின்று எடுத்த படத்தில் நான் மட்டும் சாம்பல் பூசிய சாமியார்.

சரி, போனது போகட்டும் என்று விட்டிருந்தேன். இப்போது வீடியோவில் மூன்றாவது டிப்ஸ், 'இப்படிச் செய்யாதீர்கள்'. உதாரணம் நான்! பின்னால் வந்தவனுடைய ஹெல்மெட் கேமரா உபயம். முன்னால் அவன் பிரேக் லைட் எரிந்த அந்த ஒரு நொடியை மட்டும் அழகாக வெட்டியிருக்கிறான்.

திட்டலாம் என்றுதான் நாலு தடவை பார்த்தேன். நாலாவது தடவை எனக்கே சிரிப்பு வந்து தொலைத்தது, அசல் எருமை படுப்பது போலவே விழுந்திருக்கிறேன். ஆனால் அந்தக் கையுறை? குளிருதுடா என்று அன்றைக்கு வாங்கியவன் இன்னும் தரவில்லை. அதைப் போட்டுக்கொண்டுதான் டிப்ஸ் சொல்கிறான்.