ஜூலியா மோர்கனும் ஒரு மணிக்கோபுரமும்

அமெரிக்கக் கட்டடக்கலைஞர் ஜூலியா மோர்கன் என்றதும், கட்டடக்கலை படித்தவர்களுக்குக்கூட கலிபோர்னியாவின் சான் சிமியோன் மலைமேல் பத்திரிகை அதிபர் வில்லியம் ராண்டால்ஃப் ஹர்ஸ்டுக்காக அவர் எழுப்பிய மாளிகைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. 1919இல் தொடங்கி 1947 வரை நீண்ட அந்தப் பணியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் அவருடைய திறமையை அறிய, சான் பிரான்சிஸ்கோவுக்கு அருகிலுள்ள ஓக்லாந்து நகரின் மில்ஸ் கல்லூரியில் 1904இல் அவர் கட்டிய மணிக்கோபுரத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கம்பி கட்டி வார்க்கும் கான்கிரீட், அமெரிக்காவின் மேற்குக் கரையில் அப்போது பரவலாகப் புழக்கத்துக்கு வராத முறை. 72 அடி உயரக் கோபுரத்தை அந்த முறையில் எழுப்பினார் மோர்கன். 1906 ஏப்ரல் 18 விடியற்காலையில் சான் பிரான்சிஸ்கோவைச் சிதைத்த நிலநடுக்கத்தில் அது அசையாமல் நின்றது. நிலநடுக்கத்தைத் தொடர்ந்து மூண்ட தீயில் உட்புறம் எரிந்துபோன, அந்த நகரின் ஃபேர்மாண்ட் ஹோட்டலைச் சீரமைக்கும் பொறுப்பு அடுத்து அவரிடம் வந்தது. ஓராண்டில் அந்த ஹோட்டல் திறக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 35.

இதை அதிர்ஷ்டம் என்று எவரும் சொல்லக் கூடாது. 1894இல் பெர்க்லியில் சிவில் இன்ஜினியரிங் பட்டம் பெற்றுவிட்டுத்தான் அவர் பாரிஸுக்குப் போனார். அங்கிருந்த எகோல் தே போஸார் கலைப்பள்ளி, அதுவரை எந்தப் பெண்ணையும் கட்டடக்கலைப் பிரிவில் சேர்த்ததில்லை. நுழைவுத் தேர்வில் தவறியும் ஊர் திரும்பாமல், மீண்டும் மீண்டும் எழுதி 1898இல் இடம் பிடித்தார். முப்பது வயதைக் கடந்தால் அங்கே படிப்பைத் தொடர முடியாது என்ற விதி நெருக்கிக்கொண்டிருக்க, 1902இல் சான்றிதழோடு வெளியே வந்தார். அந்தப் பிடிவாதத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

1904இல் கலிபோர்னியாவில் கட்டடக்கலை உரிமம் பெற்ற முதல் பெண்ணும் அவரே. இளம்பெண்கள் தங்கவும் கூடவும் ஒய்.டபிள்யூ.சி.ஏ. என்னும் கிறித்தவ இளம்பெண்கள் சங்கத்துக்கு அவர் அமைத்த கட்டடங்களையும், கடலோர மணல்மேடுகளுக்கும் பைன் மரங்களுக்கும் இடையே அடங்கி நிற்கும் அசிலோமார் வளாகத்தையும், மாளிகையைப் புகழ்வோர் ஓரிரு வரிகளில் கடந்துவிடுகிறார்கள். என் மனத்துக்கு இவையே நெருக்கமானவை.

எழுநூறுக்கும் மேற்பட்ட கட்டடங்களை வடிவமைத்த அவர் 1957இல் மறைந்தார். அமெரிக்கக் கட்டடக்கலைஞர் சங்கம் தன் தங்கப் பதக்கத்தை அவருக்கு அறிவித்தது 2014ஆம் ஆண்டுக்காக. அதற்கு முன் எந்தப் பெண்ணும் அதைப் பெற்றதில்லை. அவர் விளம்பரத்தை விரும்பாதவர் என்பதை இந்தத் தாமதத்துக்குக் காரணமாகக் காட்டுவதை என்னால் ஏற்க முடியாது. அவர் பேசாவிட்டால் என்ன, கட்டடங்கள் எல்லோரும் நடமாடும் தெருக்களில்தானே நின்றன? அவற்றைப் பார்த்து மதிப்பிடுவது அந்தச் சங்கத்தின் வேலையாக இருந்தது.