பிராஸ் பேண்டைச் சத்தத்தால் அளக்காதீர்கள்

பிராஸ் பேண்டு என்றதும் நம்மில் பலருக்குக் காதைப் பிளக்கும் சத்தம்தான் நினைவுக்கு வருகிறது. கல்யாண ஊர்வலத்திலும் சாவு ஊர்வலத்திலும் மட்டுமே கேட்டு வளர்ந்தவர்கள் வேறு எப்படி நினைப்பார்கள்? திறந்த தெரு, வெடிச் சத்தம், பஸ் ஹாரன் எல்லாவற்றையும் தாண்டிக் கேட்க வேண்டுமானால், வாசிப்பவர் மூச்சு முழுவதையும் கொட்டித்தான் ஆக வேண்டும். அதில் அவர் குற்றம் எதுவும் இல்லை. ஆனால் அந்தக் கருவிகளால் முடிந்ததே அவ்வளவுதான் என்று நாம் முடிவு கட்டிவிட்டோம். என் கருத்து இதற்கு நேர் எதிர். ஒரு பேண்டின் தரம் அது எவ்வளவு சன்னமாக வாசிக்கிறது என்பதில்தான் தெரியும்.

நான் இருப்பது இங்கிலாந்தின் மேற்கு யார்க்‌ஷயரில். இந்தப் பக்கத்தில் சின்னச் சின்ன ஊர்களுக்குக்கூடச் சொந்தமாக ஒரு பேண்டு இருக்கிறது. என் மகள் அப்படி ஒரு பேண்டின் சிறுவர் பிரிவில் டெனர் ஹார்ன் என்ற பித்தளை ஊதுகருவியைக் கற்றுக்கொள்கிறாள். கருவியை அவர்களே இரவலாகத் தந்தார்கள். அவளைக் கூட்டிப் போகிற சாக்கில் ஒத்திகைகளில் உட்கார்ந்து கேட்டுத்தான் எனக்கு இந்த இசை பிடிபட்டது. ஒத்திகை எப்போதும் ஒரு ஞானப்பாட்டில்தான் தொடங்கும். மெதுவான பாட்டு, நீளமான சுரங்கள். பயிற்சியாளர் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: இன்னும் மெல்ல, பக்கத்தில் இருப்பவர் வாசிப்பது உன் காதில் விழ வேண்டும்.

ஏன் இதைப் பெரிதாகச் சொல்கிறேன் என்றால், இந்தக் கருவிகளில் மெல்ல வாசிப்பதுதான் மிகக் கடினம். நாகஸ்வரத்தில் சீவாளி அதிர்கிறது. இங்கே வாசிப்பவரின் உதடுதான் சீவாளி. பலமாக ஊதினால் உதடு தானாக அதிரும். மூச்சைக் குறைக்கக் குறைக்க, அதிர்வு தொடங்குமா தொடங்காதா என்பதே சந்தேகமாகிவிடும். சுரம் அரை நொடி தாமதமாக வரும், அல்லது வெறும் காற்று மட்டும் வரும். ஒருவருக்கே இப்படி என்றால், இருபத்தைந்து பேர் ஒரே கணத்தில் ஒரு மெல்லிய கூட்டுச் சுரத்தைத் தொடங்குவது எவ்வளவு பெரிய வேலை என்று யோசித்துப் பாருங்கள். அப்புறம் சுருதி. ஊத ஊதக் கருவி சூடாகி சுருதி ஏறும். பலமாக வாசிக்கும்போது மறைந்துவிடுகிற பிசிறெல்லாம் மெல்ல வாசிக்கும்போது பச்சையாகக் கேட்கும்.

இருபத்தைந்து என்பது இங்கே வழக்கமான அமைப்பு. ஒரு சொப்ரானோ கார்னெட், ஒன்பது கார்னெட் (டிரம்பெட் போன்ற, அதைவிடக் குட்டையான கருவி), ஒரு ஃப்ளூகல்ஹார்ன், மூன்று டெனர் ஹார்ன், இரண்டு பாரிட்டோன், இரண்டு யூஃபோனியம் (டியூபாவின் தம்பி மாதிரி), மூன்று ட்ராம்போன், நான்கு டியூபா, கூடவே தாளக் கருவிகள். டிரம்பெட் கிடையாது. ட்ராம்போனை விட்டால் மற்ற எல்லாவற்றின் குழலும் வாயருகே குறுகித் தொடங்கிப் பெரும்பாலும் விரிந்துகொண்டே போகும். அதனால்தான் ஒலியில் கூர்மை குறைந்து ஒரு உருண்டையான தன்மை வந்துவிடுகிறது. யூஃபோனியம் தனியாகப் பாடும்போது பித்தளையா, மனிதக் குரலா என்று தோன்றும். இன்னொரு வசதியும் உண்டு. பாஸ் ட்ராம்போனைத் தவிர எல்லாருக்கும் ஒரே வகைச் சுரக்குறிப்பு. கார்னெட் வாசித்தவர் நாளைக்கு டியூபாவுக்கு மாறினாலும் விரல் பழக்கத்தை மாற்ற வேண்டியதில்லை.

யார் இதை வளர்த்தார்கள் என்பதைச் சொல்லாமல் விட முடியாது. மில் தொழிலாளிகள், சுரங்கத் தொழிலாளிகள். பிராட்ஃபோர்டுக்கும் ஹாலிஃபாக்ஸுக்கும் இடையே குன்றின் மேல் இருக்கிற குவீன்ஸ்பரியில், ஜான் ஃபாஸ்டர் என்ற மில் முதலாளியின் ஆதரவில் 1855-இல் உருவானது பிளாக் டைக் மில்ஸ் பேண்டு. வாசித்தவர்கள் அந்த மில்லில் வேலை பார்த்தவர்கள். மான்செஸ்டரின் பெல்வியூவில் 1853-இலேயே போட்டி தொடங்கிவிட்டது. லண்டன் கிரிஸ்டல் பேலஸில் தேசியப் போட்டி 1900-இல் வந்தது. போட்டியில் எல்லாப் பேண்டுகளும் ஒரே இசைப்படைப்பை வாசிக்க வேண்டும். நடுவர்கள் மூடிய கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பார்கள். எந்த ஊர்ப் பேண்டு மேடையில் நிற்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. சீருடை, பெயர், பழைய வெற்றிகள் எதுவும் உதவாது. காதுக்கு வருவது மட்டும்தான் கணக்கு. இன்றைக்கும் இப்படித்தான் நடக்கிறது. நெடுங்காலம் இந்தப் போட்டிகளில் தாளக் கருவிகளை அனுமதிக்கவே இல்லை. டமாரத்தை வைத்து எதையும் மூடி மறைக்க வழியில்லை. இப்படிப் பழகிய பேண்டுகள் சன்னமாக வாசிக்கக் கற்றுக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை.

தொடக்கத்தில் போட்டிகளில் வாசித்ததெல்லாம் ஆப்பராக்களிலிருந்து, அதாவது இசை நாடகங்களிலிருந்து, எடுத்துக் கோத்த தொகுப்புகள். தேசியப் போட்டிக்கென்றே பெர்சி ஃப்ளெச்சர் ஒரு படைப்பை எழுதியது 1913-இல். 1928-இல் ஆங்கில இசையமைப்பாளர் குஸ்தாவ் ஹோல்ஸ்ட் 'எ மூர்சைட் சூட்' எழுதினார். அவர் இளமையில் ட்ராம்போன் வாசித்துப் பிழைத்தவர். 1930-இல் இன்னொரு பெரிய இசையமைப்பாளர் எட்வர்ட் எல்கர் 'செவர்ன் சூட்' எழுதினார். ஹோல்ஸ்ட்டின் படைப்பில் இரண்டாவதாக வரும் 'நாக்டர்ன்' (இரவின் இசை) பகுதியைத் தயவுசெய்து ஒருமுறை கேளுங்கள். இசையமைப்பாளர் தொழிலாளிகளை நம்பி அவர்கள் கையில் கொடுத்த மென்மை அது. வேகமும் ஆர்ப்பாட்டமும் உள்ள பகுதிகளை ஓரளவு நல்ல பேண்டு எதுவும் ஒப்பேற்றிவிடும். நாக்டர்னில் பல பேண்டுகள் விழுந்துவிடும்.

சோகத்துக்கு இந்த இசை எப்படிப் பொருந்துகிறது என்பதற்கு 'கிரெஸ்ஃபோர்டு' ஒன்று போதும். வேல்ஸில் ரெக்ஸம் அருகே இருந்த கிரெஸ்ஃபோர்டு சுரங்கத்தில் 1934 செப்டம்பர் 22 அன்று வெடிவிபத்து. 266 பேர் இறந்தார்கள். பெரும்பாலான உடல்களை மேலே கொண்டுவரவே முடியவில்லை. அவர்கள் நினைவாக ராபர்ட் செயின்ட் என்ற சுரங்கத் தொழிலாளி எழுதிய பாட்டு அது. சொற்கள் இல்லை, பேண்டு மட்டும்தான். ஒவ்வொரு ஜூலையிலும் வட இங்கிலாந்தின் டர்ஹம் சுரங்கத் தொழிலாளர் பெருவிழாவில் இதை வாசிக்கிறார்கள். அங்கே சுரங்கங்கள் எல்லாம் மூடப்பட்டு எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. இருந்தும் பதாகைகளுக்கு முன்னால் பேண்டுகள் நடக்கின்றன. கிரெஸ்ஃபோர்டு தொடங்கும்போது கூட்டம் தானாக அடங்குகிறது. அதைச் சத்தமாக வாசித்தால் யார் மனதையும் தொடாது.

கிரைம்தோர்ப் கதையைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். இங்கிலாந்தின் ஒரு சுரங்க ஊர் அது, அங்கே 1917-இல் தொடங்கிய சுரங்கப் பேண்டு. 1992 அக்டோபரில் அரசு 31 சுரங்கங்களை மூடப்போவதாக அறிவித்தது. கிரைம்தோர்ப்பும் அந்தப் பட்டியலில் இருந்தது. அதே மாதம் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடந்த தேசியப் போட்டியில் அவர்கள் முதல் பரிசு வாங்கினார்கள். அடுத்த ஆண்டு சுரங்கம் போனது. பேண்டு இன்றும் இருக்கிறது. எல்லாரும் இதை வீரக் கதையாக மட்டும் சொல்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது இன்னொன்று: இதே பேண்டுக்காகத்தான் 1973-இல் ஆங்கில இசையமைப்பாளர் ஹாரிசன் பர்ட்விசில் 'கிரைம்தோர்ப் ஆரியா' என்ற கரடுமுரடான நவீனப் படைப்பை எழுதினார். சுரங்க ஊரின் பேண்டு அதை மேடையேற்றியது. பரிதாபத்துக்கு உரியவர்களாக மட்டும் அவர்களைப் பார்ப்பது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். அவர்கள் முதல் தரமான கலைஞர்கள்.

அதனால்தான் இப்போது நடக்கிற பல கச்சேரிகள் எனக்கு வருத்தம் தருகின்றன. முதல் பாதியில் ஒரு மார்ச் (அணிவகுப்பு இசை), ஒரு கார்னெட் தனி, ஒரு சினிமாப் பாட்டுத் தொகுப்பு. இரண்டாம் பாதியில் இன்னும் இரண்டு சினிமாப் பாட்டுத் தொகுப்பு, டிரம் செட்டின் பேயாட்டம், எல்லாரும் எழுந்து நின்று ஒரு முடிவு. மெதுவான பாட்டு ஒன்றே ஒன்று, அதையும் அவசரமாக முடித்துவிடுகிறார்கள். கூட்டம் வர வேண்டும், டிக்கெட் விற்க வேண்டும் என்ற கவலை எனக்குப் புரிகிறது. பேண்டு அறைக்கு வாடகை, கருவிகளுக்குப் பழுது, சுரக்குறிப்புத் தாள் எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். ஆனால் பலமான பாட்டுகள் எல்லாம் அடுத்தடுத்து வந்தால் மூன்றாவது பாட்டிலேயே காது மரத்துவிடுகிறது. நடுவில் பத்து நிமிடம் மென்மையாக வாசித்துவிட்டுப் பிறகு டியூபாக்களைத் திறந்துவிட்டால்தான் அந்தச் சத்தத்துக்கே மதிப்பு. தெருவில் வாசிப்பதும் கலைதான், மறுக்கவில்லை. விட் ஃப்ரைடே (பெந்தெகொஸ்தே ஞாயிறுக்கு அடுத்த வெள்ளி) அன்று இங்கிலாந்தின் சாடில்வொர்த் கிராமங்களில் பேண்டுகள் ஊர் ஊராகப் போய் மார்ச் வாசிப்பதை ரசித்துக் கேட்டிருக்கிறேன். தெருவுக்கு ஒரு முறை, அரங்கத்துக்கு ஒரு முறை இருக்கிறது. இரண்டையும் குழப்பக் கூடாது.

இங்கிலாந்தில் இருக்கிற நம் ஆட்களிடம் ஒரு வேண்டுகோள்: டிசம்பரில் கடைத்தெருவில் கேரல் வாசிக்கிற பேண்டுக்கு உண்டியலில் காசு போட்டுவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அவர்களின் அடுத்த கச்சேரி எங்கே என்று கேட்டுப் போங்கள். டிக்கெட் விலை பெரிதாக இருக்காது. முன்வரிசை வேண்டாம், பாதி அரங்கத்துக்குப் பின்னால் உட்காருங்கள், அங்கேதான் எல்லாக் குரலும் ஒன்றாகக் கலந்து வரும்.

தமிழ்நாட்டுக்கும் இதைச் சொல்வேன். நம் பேண்டு செட்டுகளின் வேரும் வெள்ளைக்காரப் பட்டாளத்துப் பேண்டில்தான் இருக்கிறது. கார்னெட்டும் யூஃபோனியமும் அந்த வழியாக வந்தவைதான். இன்றைக்கு இந்தியப் பேண்டுகளுக்கான கருவிகள் மீரட்டில் தயாராகின்றன. கிளாரினெட்டில் ராகத்தை அப்படியே பிடிக்கிறவர்கள் நம் ஊர் செட்டுகளில் இருக்கிறார்கள். அவர்களை நடக்கவைத்துத்தான் கேட்டிருக்கிறோம், உட்காரவைத்துக் கேட்டதில்லை. மார்கழிக் கச்சேரிகள் நடத்துகிற சபாக்கள் ஒரே ஒரு சாயங்காலம் ஒரு பேண்டு செட்டுக்கு மேடை கொடுக்கட்டும். நல்ல நாற்காலிகள், மூடிய அரங்கம், மைக் வேண்டாம். எந்தப் பாட்டு வாசிப்பது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். கச்சேரிப் பணத்தோடு ஒத்திகை நாட்களுக்கும் கூலி சேர்த்துக் கொடுக்க வேண்டும். முகூர்த்த வேலையை விட்டுவிட்டு ஒரு வாரம் உட்கார்ந்து பழக அவர்களுக்கு வேறு வழியில்லை.