ஸ்டீல்ஹெட்: தூக்கிப் படம் எடுக்கலாமா?

ஸ்டீல்ஹெட் என்பது கடலுக்குப் போய் ஆற்றுக்குத் திரும்பும் ரெயின்போ டிரவுட் மீன். “அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில ஆறுகளில் காட்டு ஸ்டீல்ஹெட் சிக்கினால், தூக்கி ஒரு படம் எடுத்துவிட்டு விட்டுவிடலாம்” என்று பரவும் தகவல் தவறு. வைத்துக்கொள்ள அனுமதியில்லாத ஸ்டீல்ஹெட்டை நீரிலிருந்து முழுதாக வெளியே எடுப்பதே அங்கு விதிமீறல். வலைக்குள், செவுள் நனைந்தபடியே கொக்கியைக் கழற்றுங்கள், படமும் அப்படியே.

ஆற்றில் இயல்பாகப் பிறந்த காட்டு மீனா, பண்ணையில் வளர்த்து ஆற்றில் விட்ட மீனா என்ற அடையாளம் முதுகில் இருக்கிறது. முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே சதைப்பற்றான சிறு கொழுப்புத் துடுப்பு இருந்தால், காட்டு மீனாகவே கருதி விடவேண்டும். அது வெட்டப்பட்டு, தழும்பு ஆறியிருந்தால் பண்ணை மீன். பச்சைக் காயம் கணக்கில் வராது (குறுக்குவழி தேடுவோர் கவனிக்க!). பண்ணை மீனானாலும், வைத்துக்கொள்ள அந்த ஆறு அன்று மீன்பிடிக்கத் திறந்திருக்க வேண்டும். பருவத்தின் நடுவிலேயே அவசர உத்தரவில் மூடுவார்கள்.