மகனீசிய மாத்திரையும் முருங்கையிலை வறையும்

கனடாவிலிருந்து கோயில் திருவிழாவுக்கு வந்த உறவினர் ஒருவர், இதைப் போட்டால் குடலிலே புற்றுநோய் வராதாம் என்று சொல்லி, எங்கள் வீட்டுக்கு மூன்று போத்தல் மகனீசிய மாத்திரைகளைத் தந்துவிட்டுப் போனார். அவருடைய அன்பில் எனக்கு ஐயமில்லை. அவர் சொன்னதும் வெறும் கதையல்ல. ஆனால் ஆய்வுகள் பெரும்பாலும் பேசுவது சாப்பாட்டில் இருக்கும் மகனீசியத்தைப் பற்றித்தான்.

சுவீடனில் 40 முதல் 75 வயது வரையான 61,433 பெண்களைச் சராசரியாக 14.8 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், நாளொன்றுக்கு உணவின் வழியாக 255 மில்லிகிராமுக்குக் குறையாமல் மகனீசியம் பெற்றவர்களுக்கு, 209 மில்லிகிராமுக்கும் குறைவாகப் பெற்றவர்களைவிடப் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 40 சதவீதம் குறைவாக இருந்தது. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2012இல் கணித்தபோது, நாளொன்றுக்குக் கூடுதலாகப் பெறும் ஒவ்வொரு 100 மில்லிகிராமுக்கும் 12 சதவீத அளவிலான குறைவே தெரிந்தது. டி.என்.ஏ.யில் ஏற்படும் பழுதைத் திருத்தும் நொதியங்களுக்கும் இன்சுலின் சரிவர வேலை செய்வதற்கும் மகனீசியம் வேண்டும் என்பதால், இந்தத் தொடர்பு நம்பக்கூடியதே. ஆயினும் கீரையும் பருப்பும் தவிடு நீக்காத தானியமும் உண்பவருக்கு நார்ச்சத்தும் ஃபோலேற்று என்னும் விற்றமினும் சேர்ந்தே கிடைக்கின்றன. அவற்றிலிருந்து மகனீசியத்தை மட்டும் பிரித்து, காத்தது இதுதான் என்று சொல்ல இவ்வகை ஆய்வுகளால் முடியாது. மாத்திரை அதே பலனைத் தரும் என்று சொல்லவும் முடியாது.

நம் அடுப்படியைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. நூறு கிராம் குரக்கன் மாவில் ஏறத்தாழ 140 மில்லிகிராம் மகனீசியம் உண்டு. பயற்றில் 180ஐத் தாண்டும். எள்ளில் 350 அளவில் இருக்கும். நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசியிலோ 20, 25 தான். பச்சையத்தின் ஒவ்வொரு மூலக்கூறின் நடுவிலும் ஒரு மகனீசிய அணு இருப்பதால், முருங்கையிலையும் முளைக்கீரையும் பொன்னாங்காணியும் இதற்கு நல்ல ஊற்றுகள். கீரை அவித்த தண்ணீரை ஊற்றிவிட்டால் அதில் ஒரு பகுதி போய்விடும்; எங்கள் வீடுகளில் தண்ணீர் வடிக்காமல் வதக்கிச் செய்யும் வறைக்கு அந்தக் குறை இல்லை. காலையில் குரக்கன் பிட்டும் மாலையில் எள்ளுருண்டையும் இருந்த இடத்தில் இன்று பாணும் பிஸ்கட்டும் இருக்கின்றன. மருதனார்மடம் சந்தையில் கட்டுக் கட்டாகக் கீரை கிடைக்கும் ஊரில், போத்தலில் வரும் மகனீசியத்துக்காக வெளிநாட்டுப் பொதியைப் பார்த்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

சிறுநீரகம் பழுதுபட்டவர்களின் உடலில் மேலதிக மகனீசியம் தேங்கி, இதயத் துடிப்பையே பாதிக்கக்கூடும். நீரிழிவால் சிறுநீரகம் தளர்ந்த முதியவர்கள் வைத்தியரைக் கேளாமல் இம்மாத்திரையைத் தொடவே கூடாது.

இதைவிட என்னை அச்சுறுத்துவது வேறொன்று. என் பெரியப்பா மலத்தோடு இரத்தம் போனதை மூலம் என்றே எண்ணி, வெட்கத்தினால் யாருக்கும் சொல்லாமல் ஒன்பது மாதங்களைக் கழித்தார். கமராக் குழாய் விட்டுக் கட்டியைக் கண்டுபிடித்தபோது, நோய் நிணநீர்க் கணுக்கள் வரை பரவிவிட்டிருந்தது. பிறகு தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு அலைந்த நாட்களை நான் மறக்கவில்லை. மலம் கழிக்கும் வழக்கம் மாறுவது இந்நோயின் முக்கியமான அறிகுறிகளில் ஒன்று. மகனீசிய மாத்திரை, குறிப்பாக மகனீசியம் ஒக்சைட்டு, மலத்தை இளக்கும். அதை நாளாந்தம் விழுங்குபவர், வயிறு இளகுவது மாத்திரையாலா நோயாலா என்று எப்படிப் பிரித்தறிவார்? நோய் வராமல் காக்கும் என்று நம்பி எடுக்கும் ஒன்று, வந்துவிட்ட நோயை மறைக்கவும் கூடும்.

ஆகவே மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ, வாரக்கணக்கில் வழக்கம் மாறினாலோ, காரணமில்லாமல் உடல் மெலிந்தாலோ, மாத்திரையையும் கீரையையும் ஒருபுறம் வைத்துவிட்டு முதலில் வைத்தியரிடம் போங்கள். அந்த மூன்று போத்தல்களும் எங்கள் வீட்டில் இன்னும் திறக்கப்படாமலே இருக்கின்றன.