வீட்டுல கார் சார்ஜ் போட எவ்வளவு ஆகுதுங்க?

போன வாரம் காங்கேயத்தில் ஒரு சீர். பந்தியில் உட்கார்ந்து இலைக்குத் தண்ணீர் தெளிப்பதற்குள் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். "ஏனுங் மாப்ள, கரண்டு காராமா? சார்ஜ் போட எவ்வளவு ஆகுதுங்?" வண்டி எடுத்து எட்டு மாதமாக இதே கேள்விதான். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முதலில் காசு. வண்டி விற்றவர்கள் சொன்ன கணக்கு, யூனிட்டுக்கு 4.70 ரூபாய். அந்த விலை பொய்யில்லை, ஆனால் என் காருக்கு அது பொருந்தாது. கார் குடிக்கும் கரண்டு, வீடு குடித்த கரண்டின் தலைமேல் போய் உட்காருகிறது; யூனிட் கூடக் கூட விலையும் ஏறும். எங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 330 யூனிட் ஓடும். 2024 ஜூலையில் ஏறிய கட்டணப்படி அதற்கு 846 ரூபாய். காங்கேயத்திலிருந்து திருப்பூர் போய்வர, அப்புறம் ஞாயிற்றுக்கிழமை ஊர்சுற்றல் என்று இரண்டு மாதத்தில் 2,500 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். பிளக்கில் எடுக்கும் ஒரு யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடவே வருகிறது. சார்ஜ் ஏறும்போது சூடாகி வீணாவதும் இதில் அடக்கம். ஆக காருக்கு மட்டும் 350 யூனிட். மொத்தம் 680. பில் 3,636 ரூபாய்.

அதாவது காரால் கூடியது 2,790. யூனிட்டுக்கு எட்டு ரூபாய் விழுகிறது. இதில் 500 யூனிட் என்று ஒரு கோடு இருக்கிறது பாருங்கள், அதுதான் வில்லங்கம். 500 யூனிட் ஓடினால் 1,805 ரூபாய். 501 ஓடினால் 2,048 ரூபாய். அந்த ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய்! 101-லிருந்து 200 வரைக்கும் பாதி விலையில் கொடுத்த சலுகையை அந்தக் கோட்டைத் தாண்டியதும் பிடுங்கிக்கொள்கிறார்கள். அதற்கு மேல் யூனிட்டுக்கு 8.40, அப்புறம் 9.45. ஏற்கெனவே ரெண்டு ஏசி ஓடுகிற வீடாக இருந்தால் காருக்குப் பத்து ரூபாய் வரைக்கும்கூட போகும்.

அப்படியும் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் பத்துப் பைசாதான். இதே தூரத்துக்குப் பழைய வண்டியில் பெட்ரோலுக்கு மட்டும் பதினாறாயிரம் போட்டேன். லாபம் லாபம்தான். சொன்ன கணக்கு வேறு, வந்த கணக்கு வேறு என்பதுதான் என் வருத்தம்.

ஆனால் காசைவிட என்னைப் படுத்தியது வீட்டு வயரிங். 15 ஆம்பியர் பிளக் இருந்தால் போதும் என்றார்கள். இருந்தது, வாஷிங் மெஷினுக்குப் போட்டது, இருபது வருஷப் பழசு. கிரைண்டர் அரை மணி நேரம் ஓடி நின்றுவிடும். ஹீட்டர் பத்து நிமிஷம். கார் அப்படியில்லை, 13 ஆம்பியரை விடாமல் மணிக்கணக்கில் இழுக்கும். ரெண்டாவது வாரமே ஒரு ராத்திரி பிளாஸ்டிக் கருகின வாசம். பிளக் முனை உருகிப்போய் சாக்கெட்டோடு ஒட்டியிருந்தது. நல்லவேளை, அம்மாவுக்கு மூக்கு கூர்மை.

எலக்ட்ரீஷியன் தம்பி வந்து பார்த்துவிட்டு, மீட்டர் போர்டிலிருந்து கார் நிற்கிற இடத்துக்குத் தனியாக 4 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர் இழுத்தார். லோடு மீறினால் தானே விழுகிற தனி எம்சிபி, கரண்டு கசிந்தால் துண்டிக்கிற தனி ஆர்சிசிபி, தடித்த இண்டஸ்ட்ரியல் சாக்கெட். எல்லாம் முடித்து வண்டியைச் சொருகினால் சிவப்பு விளக்கு. சார்ஜர் கரண்டு எடுக்க மாட்டேன் என்கிறது. "எர்த்து செத்துப்போச்சுங்ண்ணா" என்றார். கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்குகிற எர்த், வீடு கட்டும்போது கரியும் உப்பும் போட்டு மூடின குழி, அதற்குப் பிறகு யார் அதைத் திரும்பிப் பார்த்தோம்? மிக்சியும் ஃபேனும் எர்த் இருக்கிறதா என்று கேட்டதில்லை. கார் கேட்கிறது.

நம்ம மண்ணைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நாலடி தோண்டினால் சுக்காங்கல். ஈரம் நிற்காத மண்ணில் எர்த் எப்படி நிற்கும்? புதுசாகக் குழி போட்டு, செம்பு பூசிய கம்பி இறக்கி, ஈரம் பிடிக்கிற பவுடரைக் கொட்டி மூடினோம். வயரிங்கும் எர்த்துமாகப் பதினாலாயிரம் ஆனது. கார் விலையைப் பேசிய அன்றைக்கு இந்தப் பதினாலாயிரத்தைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை.

அடுத்து, 7.2 கிலோவாட் சார்ஜர் பெட்டி மாட்டுங்கள், சீக்கிரம் ஏறும் என்று துரத்தினார்கள். அதற்கு 32 ஆம்பியர் வேண்டும். என் சிங்கிள் ஃபேஸ் மீட்டரில் 5-30 ஆம்பியர் என்று எழுதியே இருக்கிறது. திரீ ஃபேஸுக்கு மாறி, லோடு ஏற்றி, அதற்கு ஒரு அலைச்சல். எதற்கு? தினம் 54 கிலோமீட்டர் ஓட்டுகிறவனுக்கு எட்டு யூனிட் போதும். இப்போதிருக்கிற சாக்கெட்டிலேயே மூன்று மணி நேரத்தில் ஏறிவிடும். ராத்திரி பதினொன்றுக்கு டைமர் வைத்துவிட்டுத் தூங்குகிறேன், அப்போதுதான் வோல்டேஜும் ஆடாமல் வருகிறது.

இதற்கு நடுவில் சொந்தக்காரர்களின் யோசனை இருக்கிறதே! "தோட்டத்து சர்வீசுதான் ஃப்ரீயாச்சே, கார அங்க கொண்டுபோய்ப் போடு மாப்ள." என்று என் மாமன் நிஜமாகவே சொன்னார். கரண்டு கட்டணத்தை ஏத்தியதற்காக 1972-ல் விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு பின்னால் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு கோயம்புத்தூருக்குப் போனது நம்ம சனம். அப்படிப் போராடியவர்கள் பட்ட கஷ்டத்துக்குப் பின்னால் வந்த இலவசக் கரண்டு, கிணத்து மோட்டாருக்கு. அதில் கார் சார்ஜ் போட்டால் பிடிக்கும்போது அபராதம் ஒருபக்கம், நாளைக்கு எல்லாத் தோட்டத்துக்கும் மீட்டர் வைக்க நாமே காரணம் கொடுத்த மாதிரி இன்னொரு பக்கம். வேண்டாமுங்க மாமா என்று முடித்துவிட்டேன்.

என் ஆதங்கம் இதுதான். பகலில் சோலார் கரண்டு குவிகிறது, பல்லடம் உடுமலைப் பக்கம் ஆடி மாசம் காத்தாடி நிற்காமல் சுத்துகிறது, ஆனால் வீட்டு மீட்டருக்கு மட்டும் நேரம் தெரியாது. மத்தியானம் போட்டாலும் சாயங்காலம் ஆறரைக்குப் போட்டாலும் ஒரே விலை. டெல்லியில் கரண்டு வண்டிக்கென்று தனி இணைப்பு, யூனிட்டுக்கு 4.50 அடிப்படைக் கட்டணம் என்று வைத்தார்கள். வீட்டுக் கணக்கோடு கலக்காமல் அப்படி ஒரு விலையை இங்கேயும் வைத்தால் என்ன?

வாசலும் கேட்டும் சொந்தமாக இருப்பதால் நான் இவ்வளவு பேசுகிறேன். திருப்பூர் லைன் வீட்டில் இருக்கிற எங்கள் கம்பெனிப் பையன் ஸ்கூட்டருக்கு ஜன்னல் வழியாக வயர் விட்டதற்கே ஓனர் சண்டைக்கு வந்துவிட்டார். முழு சார்ஜுக்கு மூன்றரை யூனிட்கூட ஆகாத வண்டி அது. இப்போது கம்பெனியிலேயே சொருகிக்கொள்கிறான்.

கூரையில் சோலார் போடலாம் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். மூன்று கிலோவாட்டுக்கு மத்திய அரசு மானியம் 78,000. மாட்டியவர்கள் யாராவது இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள்.

அதுவரைக்கும், அம்மா தினமும் கறிவேப்பிலைச் செடிக்கு ஊத்துற கையோடு எர்த் குழிக்கும் ஒரு குடம் ஊத்திடுறாங்க. நேத்து அவங்க சித்தி ஊருக்குப் போயிருந்தாங்க. ராத்திரி பதினொன்றேகாலுக்கு ஃபோன்: "கண்ணு, காருக்குத் தண்ணி ஊத்துனயா?"