நேற்று முளைத்த மோகம் அல்ல இது

ஆண்களுக்கிடையேயான காதலைச் சொல்லும் மாங்காக்களை, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதைகளை, இணையத் தலைமுறையின் புது மோகம் என்கிறது நீங்கள் வெளியிட்ட கட்டுரை. இல்லவே இல்லை! ஜப்பானிய மாங்கா படைப்பாளி மோட்டோ ஹாகியோ 'தாமஸின் இதயம்' தொடரைத் தொடங்கியது 1974இல். முதல் அத்தியாயத்துக்கு வாசகர் வாக்கெடுப்பில் கடைசி இடம்; நிறுத்திவிடலாம் என்று பத்திரிகை நினைத்தது. அவர் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தக் கதையில், அன்பை ஏற்கத் தனக்குத் தகுதியே இல்லையென நம்பும் ஜெர்மன் விடுதிப் பள்ளி மாணவன் யூலியைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது. ஒரு பையனின் குற்றவுணர்வை இவ்வளவு நுட்பமாக வரைந்தவர் அப்போது இருபதுகளில் இருந்த இளம்பெண்! இன்னொரு மாங்கா படைப்பாளியான கெய்கோ தாகேமியாவும் தன் 'காற்றும் மரங்களும் பாடும் பாடல்' தொடர் வெளிவர ஆண்டுக்கணக்கில் பத்திரிகை ஆசிரியர்களோடு மல்லுக்கட்டி, 1976இல்தான் வென்றார். இவ்விருவர் பெயரும் இல்லாமல் இந்த வகையின் வரலாற்றை எழுதாதீர்கள். அடுத்த கட்டுரையையாவது இவர்களிடமிருந்து தொடங்குங்கள்.